கனியின் காதோரத்து இலை

நொச்சிப்பொட்டலில், ஒரு பக்கத்தை இடறாமல் வாசித்து முடிக்கும் குழந்தையின் வலக்காதுக்குப் பின்னால் பச்சை இலையொன்று முளைக்கத் தொடங்கிய ஆண்டில், கோடை மழை வழக்கம்போலப் பொய்த்தது, பீடிக்கடைக்காரர் வழக்கம்போல நல்ல கட்டுகளைக் கழிவென்று தள்ளினார், மினிபஸ் வழக்கம்போல ஊருக்குள் வராமல் சாலை விலக்கிலேயே திரும்பிக்கொண்டது. ஆகையால் எது வியப்பு, எது வழக்கம் என்று பிரித்துப் பார்க்க அவ்வூர் மக்களுக்கு ஓய்வு இருக்கவில்லை.

முதல் இலை ஜெயக்கொடியின் மகள் மதிவதனிக்கு முளைத்தது. பள்ளி விட்ட பிறகு, வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத பிள்ளைகளை வராந்தாவில் அமர்த்தி வாசிக்கவும் எழுதவும் பழக்கிவந்தார் எப்சிபா டீச்சர். அன்று மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் குளம் வற்றிய பாடத்தை மதிவதனி விரலால் தொடாமல், மூச்சுக்குத் தடுமாறாமல், ஏதோ தன் வீட்டுச் சேதி சொல்கிறவள்போல வாசித்து முடித்தாள். முடித்ததும் காதைச் சொறிந்தாள். டீச்சர் அவள் தலையை மெல்லத் திருப்பிப் பார்த்தார்.

"இலைல சீப்பு படாமத் தலை சீவு, பிள்ள" என்றார். பிறகு, "அடுத்து யாரு?" என்றார்.

அந்த ஊர்ப் பெண்கள் அனைவரும் பீடி சுற்றுகிறவர்கள். மடியில் சுளகும் கையில் கத்தரியுமாகப் பிறந்தவர்களோ என்று எண்ணும்படி, இலை என்றால் கண்ணை மூடிக்கொண்டே தரம் சொல்லக்கூடியவர்கள். அவர்கள் மாலையில் கூட்டமாக வந்து, புகையிலைத் தூள் படிந்த விரல்களை முந்தானையில் துடைத்துவிட்டு, மதிவதனியின் இலையை ஒருவர் பின் ஒருவராகத் தடவிப் பார்த்தார்கள்.

"நரம்பு பூ மாதிரி இருக்குளா. ஒரு ஓட்டை இல்ல, ஒரு பொத்தல் இல்ல."

"இந்த மாதிரி இலையைக் கடையில குடுத்தாம்னா நாம ஏன் திட்டு வாங்கப் போறோம்?"

"ஏளா, பிள்ள காதுல முளைச்சதையும் சுத்திப் போடலாம்னு பாக்கியே, நீ மனுசிதானா?"

சிரித்தார்கள்; கலைந்து போனார்கள்; அந்த வாரமே இன்னும் சில பிள்ளைகளுக்கு முளைத்தது. முடிதிருத்தும் பரமசிவம் இலையை ஒதுக்கிவிட்டு வெட்டக் கற்றுக்கொண்டான். தலைமையாசிரியை மேலிடத்துக்கு எழுதிக் கேட்டபோது, இலை தொடர்பானவை மரம் நடும் திட்டத்தின் கீழ் வரும் என்று பதில் வந்தது. ஓரிரு நாள் வாசிக்காமல் விட்டால் இலை வாடி உதிரும், கிள்ளி எறிந்தாலோ அன்று வாசித்ததற்கு மறுநாள் விடியலில் புதிதாக முளைக்கும் என்பதையெல்லாம் ஊர் தானே கண்டறிந்து, காய்ச்சலுக்குக் கஷாயம்போல அதையும் தன் அறிவில் சேர்த்துக்கொண்டது. ஆடுகளை மட்டும் எல்லாரும் முன்னைவிடக் குட்டையான கயிற்றில் கட்டினார்கள்.

இத்தனையும் நன்மையே. ஆனால் அறிவு மண்டைக்குள் மறைந்திருந்தவரையில் அதை ஒருவரும் பக்கத்து வீட்டு அறிவோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அது காதோரத்தில் வந்து காற்றில் ஆடத் தொடங்கியதும், குழாயடியில் பெண்கள் பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பதை விட்டுப் பிடரியைப் பார்க்கத் தொடங்கினார்கள். பொறாமை நுழைய வாசற்கதவு தேவையில்லை. பார்வை நுழையும் இடைவெளி போதும்.

முப்பிடாதியின் வீட்டில் அது அப்படித்தான் நுழைந்தது. ஜெயக்கொடியின் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் இடுப்புயரச் சுவர் ஒன்றுதான். இருவரும் ஒரே ஆண்டில் அவ்வூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, ஒரே மாதத்தில் பெண் பெற்றவர்கள். மதிவதனிக்கு இலை முளைத்தது. முப்பிடாதியின் மகள் சண்முகக்கனிக்கு முளைக்கவில்லை. மதிவதனியின் இலை அகன்றது. கனியின் காது வெறுங்காதாகவே இருந்தது. தெருவில் கடைசிப் பெயராக உச்சரிக்கப்படும் சோம்பேறிப் பையனுக்கும் சிறு துளிர் ஒன்று எட்டிப் பார்த்த நாளில், முப்பிடாதிக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று முதல் அவள் சுளகை மடியில் வைத்துக்கொண்டு, கனியைப் புத்தகத்தோடு எதிரே அமர்த்தினாள்.

"வாசி."

"கு... குள..."

"குளத்தில்! மதிவதனி இத மூச்சு விடாம வாசிக்கா. உனக்கு வாய்ல என்ன கொழுக்கட்டையா?"

"குளத்தில் தண்... தண்ணீர்..."

"அவளும் சோறுதான திங்கா? நீயும் சோறுதான திங்க? நிமுந்து உக்காரு!"

முப்பிடாதி எழுத்தறியாதவள். ஆயினும் சுவருக்கு அப்பால் மதிவதனி அப்பாடத்தைப் பலமுறை வாசிக்கக் கேட்டு, அது அவளுக்கு மனப்பாடமாகியிருந்தது. ஆகவே கனியின் வாய் திறக்கும் முன்பே அவள் அடுத்த சொல்லை எடுத்து வீசினாள். குழந்தையின் நாக்கு நத்தையைப்போல உள்ளே சுருண்டுகொண்டது.

பக்கத்து வீட்டு அடுப்பை அணைக்க நினைத்து ஊதிய பெண்ணொருத்தியின் கதையை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். அவள் ஊத ஊத அந்த அடுப்பு நன்றாக எரிந்தது. சாம்பல் பறந்து அவள் கண்ணிலேயே விழுந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பினால், ஊத ஆளில்லாமல் அவளுடைய அடுப்பு அணைந்து கிடந்தது. பெற்றவர்களே, ஒரு குழந்தையின் பெயரை இன்னொரு குழந்தையின் முதுகில் சாட்டையாக வீசுகிறபோதெல்லாம், நீங்கள் அயலார் அடுப்பைத்தான் ஊதிக்கொண்டிருக்கிறீர்கள்.

பொறுக்கமாட்டாமல் முப்பிடாதி ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கே போனாள்.

"டீச்சர், உண்மையச் சொல்லுங்க. அந்தப் பிள்ளைக்கு மட்டும் தனியா என்னத்தச் சொல்லிக் குடுக்கீங்க?"

எப்சிபா டீச்சர் கையிலிருந்த சுண்ணக்கட்டியை வைத்தார். "ஒண்ணும் இல்லக்கா. கனிக்கு எழுத்தெல்லாம் தெரியுது. தப்பா வாசிச்சிருவோமோன்னு பயம்தான் அவளுக்கு. வீட்டுல அவ வாசிக்கும்போது குறுக்கே பேசாம யாராவது கேட்டுக்கிட்டு இருந்தாப் போதும். தப்பு வந்தாலும் சும்மா இருக்கணும். அவளே திரும்பி வந்து திருத்திக்கிடுவா."

"தப்பா வாசிச்சாலும் சும்மா இருக்கணுமா? அப்படிச் சும்மா இருக்கதுக்கு எங்க வீட்டுல ஆடுதான் இருக்கு!"

அவள் எரிச்சலில் சொன்னாள். வராந்தாவின் ஓரத்தில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த கனி அதை அறிவுரையாகவே எடுத்துக்கொண்டாள்.

ஆட்டின் பெயர் மொச்சை. பிறந்தபோது மொச்சைக்கொட்டை அளவுதான் இருந்தது என்று கனி வைத்த பெயர். பால் மறுத்த தாயாட்டை விட்டுப் பிரித்து, துணித்திரியில் பாலை நனைத்து ஊட்டி அவளே வளர்த்த கறுப்புக் கிடாக்குட்டி. மறுநாள் மாலை அவள் தொழுவத்தின் படலைச் சாத்திக்கொண்டு, புத்தகத்தை விரித்து மொச்சைக்கு வாசித்தாள். மொச்சை அசைபோடுவதை நிறுத்தியது. காதுகளை விறைத்து, மஞ்சள் கண்களை அவள் வாயின்மேல் பதித்து, கல்லில் செதுக்கியதுபோல நின்றது. அவள் தடுமாறினாள், அது பொறுத்திருந்தது. அவள் பிழையாகச் சொன்னாள். அது கண் சிமிட்டவில்லை. அவளே திரும்பி வந்து திருத்திக்கொண்டாள். அது அப்போதும் தன்னால்தான் திருந்தினாள் என்று காட்டிக்கொள்ளவில்லை. அவள் வாசித்து முடிக்கும்வரை ஈ மொய்த்த இடத்தில்கூட அது தோலை அசைக்கவில்லை. இப்படி மாலைதோறும் குளம் வற்றியது, குளம் நிறைந்தது, நாரை வந்தது, நரி போனது. ஒரு மாலையில் கனி பக்கத்தின் அடிவரை இடறாமல் வந்து சேர்ந்து, காதைச் சொறிந்தாள்.

அதே மாலையில், நாலு வீடு தள்ளிப் பொட்டலம்மன் கோயில் வாசலில், கொடைவிழாவுக்குக் கால்நாட்டும் கூட்டத்தின் நடுவே ஜெயக்கொடி மகளுக்காக வெள்ளியில் இலை செய்து சாத்தினாள். பூசாரி சிவனணைந்த பெருமாள் அதைத் தட்டில் ஏந்தி எல்லாருக்கும் காட்டினார்.

"என் மவ கேக்காமலே அம்மன் குடுத்தா. கேட்டும் கிடைக்காதவங்க எத்தனை பேரு இருக்காங்க" என்றாள் ஜெயக்கொடி. அவள் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. எல்லாரும் முப்பிடாதியைப் பார்த்தார்கள்.

முப்பிடாதிக்கு உச்சந்தலை எரிந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய், எல்லார் காதிலும் விழும்படி சூடத்தட்டின்மேல் கையடித்துச் சொன்னாள்: "தாயே, நீ சாட்சி. என் மவ காதுல இலை முளைக்கட்டும். எங்க வீட்டுக் கிடாயை இந்தக் கொடைக்கே உனக்கு வெட்டுதேன்!"

அம்மாவைத் தேடி ஓடிவந்த கனி அதைக் கேட்டாள். தன் காதோரம் குறுகுறுத்ததைச் சொல்லத்தான் ஓடிவந்தாள். சொல்லவில்லை.

மறுநாள் விடியலில் இலை முளைத்திருந்தது. கனி அதைத் தொட்டுப் பார்த்தாள்; எழுந்து தொழுவத்துக்குப் போனாள்; கழுத்தை வளைத்து, காதை மொச்சையின் வாயருகே கொண்டுபோனாள். மொச்சை இலையை முகர்ந்து, வலிக்காமல், காம்போடு கடித்துத் தின்றது. கனி தழும்பு தெரியாதபடி தன் தலைமுடியைக் காதுமேல் இழுத்துவிட்டுப் பள்ளிக்குப் புறப்பட்டாள்.

வாசிப்பதை விட்டிருந்தால் இலையே முளைத்திராதே என்று கேட்பீர்கள். அவளும் முயன்றாள், ஆனால் வாசிக்கத் தெரிந்தபின் வாசிக்காமல் இருப்பது, கண் திறந்திருக்கும்போது பார்க்காமல் இருப்பது போன்றது. மளிகைக்கடைத் தகரப் பலகை தானே வந்து அவள் கண்ணில் விழுந்தது. சோப்பு உறையும் தீப்பெட்டியும் அவளைப் பெயர் சொல்லி அழைத்தன. ஆகவே ஒவ்வொரு விடியலிலும் இலை முளைத்தது. ஒவ்வொரு விடியலிலும் மொச்சை தின்றது. முன்பெல்லாம் சுவரொட்டி கண்டால் கிழித்துத் தின்னும் அந்தக் கிடா, இப்போது சுவரொட்டியின் முன் சற்று நேரம் நின்று, இடமிருந்து வலமாகத் தலையைத் திருப்பி, வரி வரியாகக் கீழிறங்கிய பின்னரே தின்றது. ஊரார் அதையும் கவனித்தார்கள். தேர்தல் சுவரொட்டிகளை மட்டும் முழுவதும் படிக்காமலே தின்றுவிடுகிறது என்று பாராட்டினார்கள்.

இதற்குள் முப்பிடாதியின் உறக்கம் போயிற்று. சுவருக்கு அப்பால் எண்ணெய் காய்ந்தால், அது மதிவதனிக்கு வடை சுடுகிற எண்ணெயென்று இவள் நெஞ்சு காய்ந்தது. மதிவதனியின் இலை காற்றில் ஆடினால், அது தன்னைப் பார்த்துக் கையாட்டுகிறது என்று தோன்றிற்று. பள்ளி ஆண்டுவிழா வந்தது. முப்பிடாதி கட்டிலிருந்து மிகச் சிறந்த பீடி இலையைத் தேர்ந்து, ஈரத்துணியில் பதப்படுத்தி, ஊரிலேயே சுத்தமான தன் கத்தரி வேலையால் காதிலையின் வடிவில் வெட்டி, பசை தடவி, இலைமேலேயே கண்ணாக, கனியின் காதுக்குப் பின்னால் ஒட்டினாள்.

"வேண்டாம்மா."

"தலையை ஆட்டாத. யாரும் கேட்டா, நேத்து முளைச்சதுன்னு சொல்லு."

எந்த ஊரிலும் அந்தப் பொய் ஒரு மாலைப்பொழுதாவது தாங்கியிருக்கும். நொச்சிப்பொட்டலில் அது பந்தலின் முதல் வரிசையைத் தாண்டவில்லை.

"ஏ மைனி" என்றாள் ஜெயக்கொடி, உரக்க. "இது கடை இலையில்லா? போன வாரம் வந்த கட்டு. ஓரத்துல செம்பட்டை பாரு."

"வெட்டு மட்டும் முப்பிடாதி வெட்டுதான்ளா. இப்படி வளைச்சு வெட்ட அவளைத் தவிர யாரு இருக்கா?"

"தூள் வச்சுச் சுத்தி நூல் கட்டுறதுதான் பாக்கி!"

பந்தலே சிரித்தது. எப்சிபா டீச்சர் கனியைக் கைபிடித்து அழைத்துப்போய், பசையைத் தண்ணீரால் நனைத்து இலையை எடுத்தார். அடியில் இலை முளைத்திருந்த பச்சைத் தழும்பைக் கண்டார். "கனி, இது..." என்றார். கனி டீச்சரின் கையை இறுகப் பிடித்து, சொல்லாதீர்கள் என்று கண்ணால் கெஞ்சினாள். குழந்தை தானே திரும்பி வந்து திருத்திக்கொள்ளும் என்று பிறருக்குச் சொன்னவர் அல்லவா அவர்? தானும் பொறுத்திருந்தார்.

அவமானம் தின்ற முப்பிடாதி மறுநாள் விடியுமுன்னே எழுந்தாள். மகளின் பாய் வெறுமையாக இருந்தது. தொழுவத்துப் படலின் இடுக்கில் பார்த்தாள். தன் மகள் கழுத்தை வளைத்து நிற்கிறாள். அவள் காதோரத்தில், முப்பிடாதி தன் வாழ்நாளில் எந்தக் கட்டிலும் கண்டிராத இலை, அகன்று, மெலிந்து, நரம்பெல்லாம் ஒளியாக அசைகிறது. ஆடு வாயைத் திறக்கிறது.

"ஏ, ஏ!" என்று கத்திக்கொண்டு அவள் பாய்ந்தாள். பாதி இலையே மிஞ்சியது. அவள் மகளைக் கட்டிக்கொண்டிருக்கலாம். எத்தனை நாளாக என்று கேட்டிருக்கலாம். அவளோ மகளின் மணிக்கட்டைப் பற்றித் தெருவுக்கு இழுத்துவந்து, சுவரைத் தாண்டிக் கூவினாள்: "ஜெயக்கொடி! வெளிய வாளா! வந்து பாரு! உன் மவ இலையை விட இது அகலம்!"

பொறாமையின் கொடுமை இதுதான்: வெற்றி வந்து மடியில் விழும்போதும், அதைத் தன் மடியில் பார்க்காமல், எதிரியின் முகத்தில் தேடும்.

ஜெயக்கொடி வந்தாள், தெருவே வந்தது. அவள் பாதி இலையைக் கூர்ந்து பார்த்தாள், அவள் முகம் வாடியது, வாடிய முகத்தோடே, மெதுவாகச் சொன்னாள்: "நல்ல இலைதான். அப்போ கிடா எப்ப? சூடத்துல அடிச்ச சத்தியம் மைனி. நேந்ததை நிறுத்தினா தெய்வக் குத்தம்."

அப்போதுதான் முப்பிடாதி மகளின் முகத்தைப் பார்த்தாள். கனி அழவில்லை. "அதுக்குத்தான் நான் சொல்லலம்மா" என்றாள், அவ்வளவுதான். முப்பிடாதியின் பிடி தளர்ந்தது. ஆனால் சொன்ன சொல் சொன்னவளின் வாயில் இல்லை. ஊரின் காதில் இருந்தது.

கொடைநாள் வந்தது. மேளமும் குலவையுமாக மொச்சையைக் குளிப்பாட்டி, அரளி மாலையிட்டு, அம்மன் முன்னால் நிறுத்தினார்கள். அவ்வூர் வழக்கம் இது: கிடாயின் தலையில் மஞ்சள்நீர் தெளிப்பார்கள், அது உடம்பைச் சிலுப்பி உதறினால், அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்று பொருள், சிலுப்பாவிட்டால் அரிவாளை ஓங்கக் கூடாது. எந்தக் கிடாதான் தலையில் விழுந்த நீரைச் சிலுப்பாமல் இருக்கும்? ஆகவே அது ஒரு சடங்கு மட்டுமே என்று எல்லாரும் எண்ணியிருந்தார்கள்.

முப்பிடாதி கூட்டத்தின் முன்வரிசையில் மரம்போல நின்றாள். பூசாரி செம்பை எடுத்தார்.

அப்போது கனி ஓடிவந்து மொச்சையின் எதிரே நின்றாள். புத்தகம் கொண்டுவர மறந்துபோயிற்று. அவள் சுற்றிலும் பார்த்து, கண்ணில் பட்டதையெல்லாம், மாலைதோறும் தொழுவத்தில் வாசிக்கும் அதே குரலில் வாசிக்கத் தொடங்கினாள்.

"செருப்பை இங்கே விடவும். மணியைச் சிறுவர் தொடக் கூடாது. இந்தக் குழல்விளக்கு, மாடசாமி மற்றும் சகோதரர்கள் உபயம்."

மொச்சை காதுகளை விறைத்தது. மஞ்சள் கண்கள் அவள் வாயின்மேல் பதிந்தன. நீர் அதன் நெற்றியில் விழுந்து, இமையில் வழிந்து, தாடியில் சொட்டியது. அது அசையவில்லை.

"ஊத்து சாமி, இன்னொரு தடவை!" என்றது கூட்டம்.

"பந்தல் அமைப்பு, முருகன் ஒலி ஒளி. மது அருந்திவிட்டு வருவோர் வெளியேற்றப்படுவர்..."

"அது உன்னையத்தாம்ல" என்று எவனோ எவனையோ இடித்தான். செம்பு மறுபடி சாய்ந்தது. மொச்சை நனைந்தது, நின்றது. கனி கோயிற்சுவரின் எல்லாப் பலகைகளையும் வாசித்து முடித்தாள். வாசிக்க இனி எழுத்தில்லை. அவள் குரல் நின்றது. மொச்சையின் தோல் கழுத்தருகே ஒருமுறை சுருங்கியது.

ஜெயக்கொடியின் அருகிலிருந்து மதிவதனி கையை உருவிக்கொண்டு ஓடினாள். "பிள்ளையத் தடு மைனி" என்று யாரோ சொன்னார்கள். ஜெயக்கொடி தடுக்க நீட்டிய கையை, ஏனோ, பாதியில் மடக்கிக்கொண்டாள். வாசிக்க ஏதும் இல்லாமல் ஒரு கணமும் இராத அந்தச் சிறுமி, பாவாடை இடுப்பில் செருகியிருந்த பாடப்புத்தகத்தை எடுத்துக் கனியின் முன் விரித்துப் பிடித்தாள்.

"குளத்தில் தண்ணீர் வற்றியது" என்று வாசித்தாள் கனி. "மீன்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பெரிய மீன் சொன்னது: இருக்கும் நீரில் எல்லாரும் இருப்போம்."

அந்தப் பாடம் முப்பிடாதிக்கு மனப்பாடம். அடுத்த சொல், அதற்கடுத்த சொல், எல்லாம் அவள் நாக்கின் நுனியில் வந்து நின்றன. ஒன்றையும் அவள் வீசவில்லை. மகள் ஓரிடத்தில் தடுக்கினாள். தாய் உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். மகளே திரும்பி வந்து திருத்திக்கொண்டாள். தன் மகளின் குரலை முப்பிடாதி முதல்முறையாக முழுவதும் கேட்டாள். அத்தனை காலம் எதைப் பார்க்கத் தவித்தாளோ, அந்தக் காதோரத்தைப் பார்க்க அவளுக்கு அப்போது நினைவு வரவில்லை.

செம்பு காலியாயிற்று. பூசாரி சிவனணைந்த பெருமாள் ஆட்டைப் பார்த்தார், அம்மனைப் பார்த்தார், அரிவாள்காரரை நோக்கிக் கையசைத்தார். "அம்மனுக்கு வேண்டாமாம்பா. அவளும் பாடம் கேட்டுக்கிட்டு இருக்கா. மாலையைக் கழட்டு."

கனி கடைசி வரியை முடித்துப் புத்தகத்தை மூடினாள். அதன் பிறகே மொச்சை உடம்பைத் தலையிலிருந்து வால்வரை ஒரு சிலுப்புச் சிலுப்பியது. அவ்வளவு மஞ்சள்நீரும் தெறித்து, முன்வரிசையில் நின்ற முப்பிடாதியின் மேலும் ஜெயக்கொடியின் மேலும் ஒன்றுபோல விழுந்தது. தீர்ப்பு சொன்ன பிறகு சிலுப்பினால் கணக்கில் இல்லை என்றார் பூசாரி.

மறுநாள் விடிந்தது. கனி முற்றத்தில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தாள். அவள் காதோரத்து இலை வெயிலில் விரிந்திருந்தது. மொச்சை பழக்கத்தால் அருகே வந்து மோவாயை உயர்த்தியது. அவளும் பழக்கத்தால் கழுத்தை வளைத்தாள். முப்பிடாதி சுளகை மடியில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்திருந்தாள்.

சுவருக்கு அப்பாலிருந்து ஜெயக்கொடி பதறினாள்: "மைனி! அங்க பாரு, இலையை ஆடு திங்குது! அம்புட்டு நல்ல இலை!"

முப்பிடாதி தலை நிமிராமல் பீடி இலையை வெட்டினாள்.

"திங்கட்டும் மைனி" என்றாள். "பிள்ள நாளைக்கும் வாசிப்பா."